நற்செய்திக்குச் சொல் தேடிய குரு



நமது ஆலயப் பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டபோது, புனிதர் ஒருவரின் வரலாற்றைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப் புகுந்திருப்பதோ புனிதர் வரிசையில் இடம் பெறாத ஒருவரைப் பற்றி. அவர் ஒரு குரு. பதிதர் என்று தீர்ப்பிடப்பட்டு எரிக்கப்பட்டவர். இவரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன், புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும் சிறுவர்களுக்கு நானே மறைக்கல்வி நடத்தினேன். பாஸ்கா, பாஸ்கா என்று பலமுறை சொல்லிக்கொண்டே போனேன். ஒரு சிறுவன் எழுந்து, பாஸ்கா என்றால் என்ன சாமி என்று கேட்டான். குருமடத்தில் நான் படித்ததையெல்லாம் கால் மணி நேரம் விளக்கினேன். முடிவில் அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விடுதலையின் பெருவிழாவுக்கு ஒரு குழந்தையின் காதில் விழும்படியான ஒரு சொல் என்னிடம் இல்லாமற் போயிற்றே என்று வருந்தினேன். அப்போது நினைவுக்கு வந்தவர்தான் ஆங்கில நாட்டு வில்லியம் டிண்டேல். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், இதே பாஸ்காவுக்கு ஓர் ஆங்கிலச் சொல் தேடித் தவித்தவர் அவர்.

உழவன் பிள்ளைக்கும் தெரிய வேண்டும்

டிண்டேல் இங்கிலாந்தின் மேற்கே குளோஸ்டர் வட்டாரத்தில் 1494-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். ஆடு வளர்ப்பும் கம்பளித் துணி நெசவும் சிறந்து விளங்கிய ஊர்ப்புறம் அது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 1512-இல் இளங்கலைப் பட்டமும் 1515-இல் முதுகலைப் பட்டமும் பெற்றுக் குருவானார். மொழிகள் அவருக்கு எளிதில் வசப்பட்டன. இலத்தீனும் கிரேக்கமும் கற்றுத் தேர்ந்தார்.

பின்னர் சொந்த வட்டாரத்துக்கே திரும்பி, லிட்டில் சாட்பரி என்னும் ஊரில் சர் ஜான் வால்ஷ் என்ற பிரபுவின் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். அந்த வீட்டு உணவு மேசைக்கு அக்கம்பக்கத்துக் குருக்களும் மடாதிபதிகளும் அடிக்கடி வருவதுண்டு. அவர்களுள் பலருக்கு மறைநூலில் பழக்கமே இல்லை என்பதைக் கண்டு இளங்குரு திடுக்கிட்டார். இது மிகைக் கூற்று என்று எண்ண வேண்டாம். பல ஆண்டுகள் கழித்து, 1551-இல், அதே மறைமாவட்டத்தில் குருக்களை ஒவ்வொருவராகச் சோதித்தபோது, 311 பேரில் 168 பேருக்குப் பத்துக் கட்டளைகளைச் சொல்லத் தெரியவில்லை. குருவாகிய நான் இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்த மேசையில் ஒரு நாள் கற்றறிந்த ஒருவரோடு டிண்டேலுக்கு வாக்குவாதம் மூண்டது. தாம் உயிரோடு இருந்தால், ஏர் ஓட்டும் பையன்கூட அவரைவிட மறைநூலை நன்றாக அறியும்படி செய்வதாக டிண்டேல் அப்போது சபதம் கூறினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கோபத்தில் பிறந்த வார்த்தைதான். ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் அதைக் கைவிடவில்லை. பேனாவை எடுத்த போதெல்லாம் அந்த ஏர் ஓட்டும் பையனே அவர் கண்முன் நின்றான்.

அடைபட்ட கதவு

இங்கே ஓர் உண்மையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தாய்மொழியில் விவிலியம் கூடாது என்று திருச்சபை எங்கும் விலக்கி வைத்திருந்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. ஜெர்மன் மொழி விவிலியம் 1466-இலேயே அச்சாகிவிட்டது. இத்தாலிய மொழியில் 1471-இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் நிலைமை வேறு. அங்கே ஜான் விக்ளிப் என்பவரைப் பின்பற்றியவர்கள் இலத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்த விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருச்சபையின் போதனைகளை மறுத்தார்கள். அதனால் பேராயர் அருண்டெல் 1409-இல் ஒரு தடை விதித்தார்: ஆயர்களின் இசைவின்றி ஒருவரும் மறைநூலை ஆங்கிலத்தில் பெயர்க்கக் கூடாது, பெயர்த்ததை வாசிக்கவும் கூடாது. நூறு ஆண்டு கடந்தும் அத்தடை நீங்கவில்லை.

இதற்கிடையில் 1516-இல் எராஸ்முஸ் என்னும் கத்தோலிக்கப் பேரறிஞர் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை அச்சிட்டு வெளியிட்டார். மூலம் கையில் இருக்கிறது, கிரேக்கமும் தெரியும், ஆயரின் இசைவு ஒன்றுதான் வேண்டும். ஆகவே டிண்டேல் 1523-இல் இலண்டனுக்குச் சென்றார். அங்கே ஆயராக இருந்தவர் கத்பர்ட் டன்ஸ்டல். எராஸ்முஸின் நண்பர், கல்வியில் சிறந்தவர். தம் கிரேக்கப் புலமைக்குச் சான்றாகத் தாம் மொழிபெயர்த்த கிரேக்கச் சொற்பொழிவு ஒன்றையும் டிண்டேல் எடுத்துச் சென்றார். ஆயரோ தம் இல்லத்தில் இடமில்லை என்று கூறி அவரை அனுப்பிவிட்டார். அன்று அந்த ஆயர் ஓர் அறையைத் திறந்துவிட்டிருந்தால், ஆங்கிலத் திருச்சபையின் வரலாறு ஒருவேளை வேறு விதமாகப் போயிருக்கும்!

ஹம்ப்ரி மான்மத் என்னும் துணி வணிகர் அவரை ஆறு மாதம் ஆதரித்தார். 1524-இல் டிண்டேல் கடல் கடந்து ஜெர்மனிக்குப் போனார். பிறந்த மண்ணை அவர் மீண்டும் மிதிக்கவேயில்லை.

துணிப் பொதிக்குள் நற்செய்தி

1525-இல் கொலோன் நகரில் அச்சு வேலை தொடங்கியது. மத்தேயு நற்செய்தி ஓடிக்கொண்டிருந்தபோதே, அச்சகத்து ஆட்கள் மது மயக்கத்தில் உளறியதை எதிர்த்தரப்பு அறிஞர் ஒருவர் கேட்டு, நகர அதிகாரிகளுக்கு அறிவித்துவிட்டார். டிண்டேல் அச்சான தாள்களை வாரி எடுத்துக்கொண்டு ரைன் ஆற்றில் படகேறி வோர்ம்ஸ் நகருக்குத் தப்பினார். அங்கே 1526-இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தது. கைக்கு அடக்கமான சிறு நூல். கிரேக்க மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் நேரே பெயர்க்கப்பட்டு அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே.

துணிப் பொதிகளுக்குள் மறைத்து அந்நூலை வணிகர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஆயர் டன்ஸ்டல் இலண்டன் புனித பவுல் பேராலய முற்றத்தில் அதைக் கண்டித்து மறையுரையாற்றி, கிடைத்த பிரதிகளை எரிக்கச் செய்தார். இவை தீயோடு போகட்டும் என்று விலை கொடுத்தும் வாங்கினார். அந்தப் பணமே டிண்டேலின் கைக்குச் சேர்ந்து, அடுத்த திருத்தப் பதிப்புக்கு உதவியது என்று ஒரு கதை அக்காலம் முதல் வழங்குகிறது. ஆயிரக்கணக்கில் அச்சான அப்பதிப்பில் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே பிரதிகள். அவற்றுள் ஒன்றை 1994-இல் பிரிட்டிஷ் நூலகம் பத்து இலட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது.

இல்லாத சொல்லை உண்டாக்குதல்

இனி அவருடைய சொல் வேட்டையைப் பார்ப்போம். ஆங்கிலம் அந்நாளில் அறிஞர்கள் மதித்த மொழியன்று. கல்வியும் வழிபாடும் இலத்தீனில் நடந்தன. ஆங்கிலம் சந்தைக்கும் வயலுக்கும் உரிய பேச்சாகக் கருதப்பட்டது. அதற்குள் இறைவார்த்தையைக் கொண்டுவருவது எப்படி?

முதலில் 'நற்செய்தி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆங்கிலத்தில் 'காஸ்பல்' என்ற பழஞ்சொல் உண்டு. நல்ல செய்தி என்பதே அதன் பொருள். ஆனால் நூற்றாண்டுகள் கடந்து அது தேய்ந்த நாணயம் போலாகி, பலிபீடத்தில் வாசிக்கப்படும் ஒரு பகுதியின் பெயராக மட்டும் நின்றது. டிண்டேல் தம் முன்னுரையில் அதற்கு மீண்டும் உயிரூட்டினார். கேட்ட மாத்திரத்தில் உள்ளம் களித்து, மனிதன் பாடவும் ஆடவும் துள்ளவும் செய்கிற செய்தி அது என்று கிரேக்கச் சொல்லின் பொருளை விரித்தெழுதினார். அத்தகைய செய்தியைச் சொல்ல வரண்ட சொற்கள் உதவா என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து, பழைய ஏற்பாட்டைப் பெயர்க்க எபிரேயம் வேண்டும். 1290-இலேயே யூதர்கள் இங்கிலாந்தை விட்டு வெளியேற்றப்பட்டுவிட்டதால், அங்கே அம்மொழியை அறிந்தவர்கள் மிகச் சிலரே. டிண்டேல் நாடுகடந்து வாழ்ந்த காலத்தில் அதையும் கற்றுக்கொண்டார். கற்கக் கற்க அவருக்கு ஒரு வியப்பு. எபிரேயத்தின் எளிய, குறுகிய வாக்கியங்கள் இலத்தீனைவிட ஆங்கிலத்துக்கே இயல்பாகப் பொருந்துவதாக அவர் கண்டார். பண்டிதர்கள் இகழ்ந்த ஊர்ப்பேச்சு, மோசேயின் பேச்சுக்கு உறவாக இருந்தது!

1530-இல் பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்கள் வெளிவந்தன. விடுதலைப் பயண நூலுக்கு வந்தபோதுதான், நம் மறைக்கல்விச் சிறுவன் கேட்ட கேள்வி அவரையும் நிறுத்தியது. பாஸ்காவை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? முன்பு புதிய ஏற்பாட்டில் அவர் பெரும்பாலும் 'ஈஸ்டர்' என்ற சொல்லையே ஆண்டிருந்தார். ஆனால் அது கிறிஸ்துவின் உயிர்ப்பு விழாவின் பெயராயிற்றே! எகிப்தில் அடிமைகளாய் இருந்தவர்களின் இரவுக்கு அதை வைத்தால் எப்படிப் பொருந்தும்? எபிரேயத்தில் அது 'பெசாக்'. செம்மறியின் இரத்தம் பூசப்பட்ட வீடுகளை ஆண்டவர் கடந்து சென்றதைக் குறிப்பது. டிண்டேல் ஊர் மக்கள் அன்றாடம் வழங்கிய இரண்டு சிறு சொற்களை எடுத்தார். 'பாஸ்' என்றால் கடந்து போ; 'ஓவர்' என்றால் மேலாக. இரண்டையும் இணைத்தார். 'பாஸ்ஓவர்' பிறந்தது. பொருளும் அமைந்தது, 'பெசாக்' என்னும் ஒலியின் சாயலும் அதில் இருந்தது. ஏர் ஓட்டும் பையன் அச்சொல்லைக் கேட்டவுடனே, இரவில் ஒரு வீட்டைத் தாண்டி யாரோ போவதை மனத்தில் காண்பான்.

லேவியர் நூலின் 16-ஆம் அதிகாரத்தில் மக்களின் பாவங்களைச் சுமந்து பாலைநிலத்துக்கு ஓட்டிவிடப்படும் வெள்ளாடு வருகிறதல்லவா? அதற்கு இலத்தீனில் ஒரு நீண்ட பெயர். டிண்டேல் அதற்குத் தப்பிப் போகும் ஆடு என்று பொருள்பட 'ஸ்கேப்கோட்' என்ற சொல்லை ஆக்கினார். பிறர் குற்றத்தைச் சுமப்பவரைப் பலிகடா என்று நாம் சொல்லும் இடத்தில், இன்றும் ஆங்கிலேயர் ஆளும் சொல் அதுதான். கோவில் பக்கமே போகாதவர்களும் அச்சொல்லைப் பேசுகிறார்கள்.

இன்னொன்று 'அட்டோன்மென்ட்'. 'அட் ஒன்' என்றால் ஒன்றாகி இருத்தல். சண்டையிட்டவர்கள் கூடிவிட்டார்கள் என்பதற்கு ஊரில் அப்படிச் சொல்வார்கள். அதிலிருந்து பிறந்த இச்சொல் டிண்டேலுக்குச் சற்று முன்பே வழக்கில் இருந்தது. மனிதரிடையே வழங்கிய அந்தச் சொல்லைக் கடவுளுக்கும் மனிதனுக்கும் கிறிஸ்து உண்டாக்கிய ஒப்புரவுக்கு வைத்தவர் அவர். பிரிந்த இருவர் ஒன்றாவதே மீட்பு என்று ஒரு சொல்லுக்குள் ஒரு மறையுரையையே அடக்கிவிட்டார்.

சொற்களால் மூண்ட போர்

ஆனால் எல்லாச் சொல்லும் இப்படி மகிழ்ச்சியில் முடியவில்லை. நம் திருச்சபை புனிதராகப் போற்றும் தாமஸ் மூர் இங்கேதான் வருகிறார்.

மூர் சட்ட அறிஞர், அன்பான தந்தை, நேர்மையின் வடிவம். 1528-இல் ஆயர் டன்ஸ்டல் அவரை அழைத்து, டிண்டேல் போன்றோரின் நூல்களைப் படித்து மறுப்பெழுதுமாறு கேட்டுக்கொண்டார். 1529-இல் மூரின் முதல் மறுப்பு நூல் வெளிவந்தது. டிண்டேல் 1531-இல் பதிலெழுதினார். மூர் அதைவிடப் பன்மடங்கு பெரிய நூலால் மறுமொழி கொடுத்தார். வழக்கு பெரும்பாலும் சில சொற்களைப் பற்றியது.

'சர்ச்' என்று வழங்கிய இடத்தில் டிண்டேல் கூட்டம் என்று பொருள்படும் 'காங்கிரிகேஷன்' என்று எழுதினார். குருவுக்கு 'ப்ரீஸ்ட்' என்னாமல் 'சீனியர்' என்றார். 'சாரிட்டி' என்பதை விடுத்து 'லவ்' என்றார். 'பெனன்ஸ்' என்ற தவத்தை 'ரிப்பென்டன்ஸ்' என்ற மனவருத்தமாக மாற்றினார். கிரேக்க மூலத்தில் இருப்பதைத்தான் எழுதினேன் என்பது அவர் வாதம். மூர் ஒத்துக்கொள்ளவில்லை. சொல் என்பது அகராதிப் பொருள் மட்டுமா? நூற்றாண்டுகளாக மக்கள் அச்சொல்லோடு வாழ்ந்த வாழ்வும் அதில் இருக்கிறதே! 'சர்ச்' என்றால் ஓர் ஊர்க் கூட்டமா? திருமுழுக்கும் நற்கருணையும் பாவசங்கீர்த்தனமும் குருத்துவமும் அச்சொல்லோடு பிணைந்தவை அல்லவா? சொல்லை உருவினால் நாளை அருட்சாதனங்களையும் உருவிவிடுவார்களே என்று அவர் அஞ்சினார்.

அன்பர்களே, அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடக் கூடாது. டிண்டேலின் முன்னுரைகளிலும் ஓரக்குறிப்புகளிலும் திருத்தந்தையையும் ஆயர்களையும் கடுமையாகத் தாக்கும் பகுதிகள் உண்டு. அருட்சாதனங்களைப் பற்றிய அவர் போதனை நம் விசுவாசம் அன்று. அதே வேளையில், மூரும் இவ்விவாதத்தில் வசைச்சொல்லுக்குக் குறை வைக்கவில்லை. அவர் நாட்டின் பிரதம நீதித்தலைவராக இருந்த காலத்தில் பதிதர் எனப்பட்டோர் சிலர் எரிக்கப்பட்டனர். அதை அவர் சரியென்றே கருதினார். புனிதர்களும் தங்கள் காலத்தின் இருளில் சில அடிகள் நடந்திருக்கிறார்கள். மறைக்காமல் சொல்வதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கில விவிலியமே கூடாது என்று மூர் சொன்னதில்லை. முறையான அதிகாரத்தோடு தகுதியானவர்கள் செய்தால் நல்லது என்றே எழுதினார். 'அட்டோன்மென்ட்' என்ற ஒப்புரவுச் சொல்லை ஆங்கில எழுத்தில் முதன்முதல் ஆண்டவர்களுள் ஒருவராக அறிஞர் காட்டுவதும் இதே மூரைத்தான். ஒன்றாகி இருத்தலைக் குறிக்கும் சொல் இருவர் பேனாவிலும் இருந்தது. இருவரும் ஒன்றாக முடியவில்லை. இதைவிட வருத்தம் தரும் செய்தி இவ்வரலாற்றில் இல்லை.

வயல்வெளிச் சந்திப்பு

1531-இல் அரசர் எட்டாம் ஹென்றியின் தரப்பிலிருந்து ஸ்டீபன் வாகன் என்ற தூதர், டிண்டேலை நாடு திரும்பச் செய்ய ஆண்ட்வெர்ப்புக்கு வந்தார். நகருக்கு வெளியே வயல்வெளியில் இருவரும் சந்தித்தார்கள். டிண்டேல் வைத்த நிபந்தனை ஒன்றுதான். குறிப்புகள் எதுவுமின்றி, வெறும் மறைநூல் வாசகத்தை மட்டும் மக்கள் தங்கள் மொழியில் வாசிக்க அரசர் இசைந்தால் போதும். அது யார் பெயர்த்ததாகவும் இருக்கலாம். அப்படியானால் தாம் இனி ஒரு நூலும் எழுதாமல், எந்தத் தண்டனைக்கும் உட்பட்டு அரசரின் காலடியில் வந்து விழுவதாகச் சொன்னார். இதைக் கூறும்போது அவர் கண்கள் கலங்கின என்று வாகன் அரசருக்கு எழுதினார். தம் சொற்களே நிலைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அரசர் இசையவில்லை. அரசரின் மணமுறிவைக் கண்டித்து அதற்கு முந்திய ஆண்டே டிண்டேல் எழுதியிருந்தது நினைவிருக்கலாம். அந்த ஒன்றில் மூரும் அவரும் ஒரே பக்கம் நின்றார்கள்!

ஆண்ட்வெர்ப்பில் அவர் வாழ்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அவர் எழுத்து வேலை செய்வதில்லையாம். திங்களன்று நாடு இழந்து வந்த ஆங்கிலேயரைத் தேடிப் போய் உதவுவார். சனியன்று நகரின் சந்து பொந்துகளில் நடந்து, முதியோரையும் பெருங்குடும்பத்து ஏழைகளையும் கண்டு, தமக்குக் கிடைத்த பணத்தைப் பகிர்வார். மற்ற நாள்களில் திருத்தம். 1534-இல் புதிய ஏற்பாட்டைத் திருத்தி வெளியிட்டார். மூர் குறை கூறிய 'சீனியர்' என்ற சொல்லை அதில் விட்டுவிட்டு, மூப்பர் என்று பொருள்படும் 'எல்டர்' என்பதை இட்டார். எதிரியின் கண்டனத்திலும் கற்றுக்கொள்ள ஏதேனும் இருக்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

விளக்கும் எபிரேய நூலும்

1535 மே மாதம் ஹென்றி பிலிப்ஸ் என்ற ஆங்கிலேயர் அவரிடம் நண்பராக நடித்து, கைது செய்யப்பட்ட அன்று காலையிலேயே கடனும் வாங்கிக்கொண்டு, வீட்டு வாசலில் காத்திருந்த காவலரிடம் காட்டிக் கொடுத்தார். பிரசல்சுக்கு அருகே வில்வோர்டு கோட்டையில் டிண்டேல் அடைக்கப்பட்டார். அதே நாள்களில் இலண்டன் கோபுரச் சிறையில் தாமஸ் மூர் இருந்தார். எழுதுகோல் பறிக்கப்பட்டு, கரித்துண்டால் மகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அரசரைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்ததற்காக 1535 ஜூலை 6-ஆம் நாள் மூரின் தலை வெட்டப்பட்டது.

டிண்டேல் ஓராண்டுக்கு மேல் சிறையில் வாடினார். குளிர்காலத்தில் சிறை அதிகாரிக்கு இலத்தீனில் அவர் எழுதிய கடிதம் ஒன்று இன்றும் பெல்ஜியத்தில் காக்கப்படுகிறது. தலையில் நீர்க்கோவை வருத்துகிறது, கனமான தொப்பி ஒன்று வேண்டும். மேற்சட்டை மெலிந்துவிட்டது, வேறொன்று வேண்டும். காலுறையை ஒட்டுப்போடத் துணி வேண்டும். இருட்டில் தனியே உட்கார்ந்திருப்பது சலிப்பாக இருக்கிறது, மாலையில் ஒரு விளக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக எபிரேய விவிலியமும் இலக்கணமும் அகராதியும் கொடுத்தால் படிப்பிலே பொழுதைக் கழிப்பேன் என்று கேட்டிருந்தார். சாவை எதிர்நோக்கி இருந்தவருக்கு அகராதி எதற்கு? சொல் தேடும் வேலை முடியவில்லை, அதற்குத்தான்.

1536 ஆகஸ்டில் குருத்துவ நிலையிலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபர் தொடக்கத்தில் கம்பத்தில் கட்டிக் கழுத்தை நெரித்து, உடலை எரித்தார்கள். இங்கிலாந்து அரசரின் கண்களை ஆண்டவர் திறக்க வேண்டும் என்று மன்றாடியவாறு அவர் இறந்தார் என்பது மரபு.

சொற்கள் வாழ்ந்தன

ஓராண்டுக்குள், அவருடைய நண்பர் ஜான் ராஜர்ஸ் தொகுத்த ஆங்கில விவிலியம் அரசரின் இசைவோடு வெளிவந்தது. அதில் பெரும்பகுதி டிண்டேலின் உழைப்பு. அவர் பெயர்தான் இல்லை. 1538-இல் ஒவ்வொரு பங்கு ஆலயத்திலும் ஆங்கில விவிலியம் ஒன்று வைக்கப்பட வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1611-இல் வந்த ஜேம்ஸ் அரசர் பதிப்பை அறிஞர்கள் 1998-இல் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அதன் புதிய ஏற்பாட்டில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் டிண்டேலின் சொற்களே என்று கண்டார்கள்.

கத்தோலிக்கரும் சும்மா இருக்கவில்லை. நாடு கடந்து வாழ்ந்த ஆங்கிலக் குரு கிரகரி மார்ட்டின் இலத்தீனிலிருந்து பெயர்த்த புதிய ஏற்பாடு 1582-இல் ரெய்ம்ஸ் நகரில் வெளிவந்தது. ஜேம்ஸ் அரசரின் மொழிபெயர்ப்பாளர்கள் அதிலிருந்தும் வெளிப்படையாகச் சொல்லாமல் பல சொற்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போரின் முடிவைப் பாருங்கள்! 'சர்ச்' என்ற சொல் மூர் விரும்பியபடியே 1611 பதிப்பில் திரும்பி வந்தது. இன்றைய கத்தோலிக்க ஆங்கில விவிலியங்களில் புனித பவுலின் அன்பின் அதிகாரத்தில் டிண்டேலின் 'லவ்' அமர்ந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் இடம் கொடுக்காதவர்களின் சொற்கள் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மறைநூல் மூலமொழிகளிலிருந்து மக்கள் மொழிகளில் பெயர்க்கப்பட வேண்டும் என்றும், அதைப் பிரிந்த சகோதரரோடு இணைந்தும் செய்யலாம் என்றும் கூறியது. 2000-ஆம் ஆண்டு தவக்காலத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உண்மையைக் காக்கிறோம் என்று திருச்சபையின் பிள்ளைகள் செய்த வன்முறைகளுக்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்டார். நான் குருமடத்தில் இருந்த காலத்தில், 1995-இல், கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பாகத் தமிழில் திருவிவிலியம் வெளிவந்தது. அதுவே இன்று நம் வாசக மேடையில் இருக்கிறது. ஒரு காலத்தில் உயிரைக் கேட்ட வேலை, பிற்காலத்தில் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து செய்யப்பட்டது.

நமக்கு

நம் பாட்டிமார் தேவசிநேக மந்திரம் சொன்னார்கள். நாம் அன்பு என்கிறோம். சொல் மாறியது, அவர்கள் நேசித்த ஆண்டவர் மாறவில்லை. மூர் காத்ததும் நமக்கு வேண்டும். டிண்டேல் தேடியதும் நமக்கு வேண்டும். பொன்விழாக் காணும் நம் பங்கில் ஞாயிறு வாசகம் வாசிப்பவர்களே, முந்தின இரவே அதை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மறைக்கல்வி ஆசிரியர்களே, கடைசி வரிசைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். பெற்றோரே, இன்றைய நற்செய்தி என்ன என்று உணவு வேளையில் உங்கள் வீட்டுப் பேச்சில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்குப் புரிந்தால் போதும்.

அந்தச் சிறுவனை அடுத்த வாரம் மறுபடி அழைத்தேன். இம்முறை விளக்கம் எதுவும் இல்லை. ஓர் இரவு, ஒரு தெரு, வாசல் நிலைகளில் ஆட்டின் இரத்தம், உள்ளே கதவை அடைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒரு குடும்பம் என்று மட்டும் சொன்னேன். சாவு அந்த வீட்டைக் கடந்து போய்விட்டது, அந்தக் கடந்து போதல்தான் பாஸ்கா என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் அந்த வீட்டுப் பிள்ளை பிழைத்துக்கொண்டானா சாமி என்று கேட்டான். ஆம், பிழைத்துக்கொண்டான் என்றேன். அன்று அவன் தலையை ஆட்டவில்லை, சிரித்தான்.

பொன்விழாக் காணும் உங்கள் அனைவரையும் நற்செய்தியின் ஆண்டவர் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!

உங்கள் பங்குத்தந்தை